வெல்வெட் அங்கியின் பாக்கெட்

தமீராவின் அலமாரியில் தொங்கிய அங்கிகளுக்கெல்லாம் ஆயுசு கெட்டி. உடம்பில் ஏறினால்தானே கிழியும்! ஒரு விருந்தில் ஒருத்தி தோளில் போர்த்துவாள், அடுத்த விருந்தில் அதையே இன்னொருத்தி தோளில் போர்த்திவிட வேண்டியதுதான். பிஷ்கெக்கில் பாதி அங்கிகள் இப்படித்தான் வீடு வீடாகக் குடித்தனம் மாற்றிக்கொண்டிருக்கின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஊரே செய்வதுதான். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். கொடுத்தவளுக்கே திருப்பிப் போர்த்திவிடக் கூடாது. பாக்கெட் காலியாக இருக்கக் கூடாது, நூறு சோம் பணமாவது உள்ளே கிடக்க வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தோக்மோக் தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கும் குல்பராவின் பேரனுக்கு நடைக்கயிறு வெட்டும் விருந்து. குல்பரா யாரென்றால், தமீராவின் புருஷன் குபாத்துடைய ஒரே தங்கை. பேரன் பிறந்து தத்தக்கா பித்தக்கா என்று நடக்க ஆரம்பித்திருந்தான். பாட்டியின் பிறந்த வீட்டிலிருந்து போகிறவர்கள் வெறுங்கையோடு போக முடியுமா? குபாத் காலையிலேயே பத்தாயிரம் சோமை எண்ணிப் பெண்டாட்டி கையில் கொடுத்தான்.

"நல்ல அங்கியா பாத்து எடு. பாக்கெட்டுல இத வெச்சிரு. ஊரே பாக்கும்."

"பத்தாயிரமா! வீட்டுக் கடன் தவணை நாளைக்கு இருக்கு, தெரியும்ல?"

"தவணை மாசா மாசம் வருது. என் தங்கச்சி பேரன் ஒரு தடவதான் நடக்கப்போறான்."

தமீராவுக்கு வயிறு எரிந்தது. மருந்துக்கடையில் நாள் பூராவும் கால் கடுக்க நின்று அவள் வாங்குகிற சம்பளமும், வீடு வீடாக ஒயர் இழுத்து குபாத் கொண்டுவருகிற காசும் எங்கே போகிறது என்று கேட்டால், பாதி வங்கிக்கு, பாதி விருந்துக்கு. போன மாதம் இரண்டு கல்யாணம், ஒரு புதுமனை புகுவிழா, ஒரு சாவுக்கு நாற்பதாம் நாள் சாப்பாடு. பெருமைக்குக் கொடுக்கிறோம், கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கை வேகவைத்துத் தின்கிறோம். இப்படி நினைக்கிறவள் அவள் ஒருத்தி மட்டுமா என்ன? எல்லாரும் நினைப்பார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதிலும் குல்பராவுக்கு என்றால் அவளுக்கு மனசே வராது. அதற்கு ஒரு பழைய கதை உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் மகள் பேகிமாயின் கல்யாணத்தில் சொந்தக்காரிகள் வரிசையாக வந்து தமீராவுக்கு அங்கி போர்த்தினார்கள். பின்னால் நின்றுதானே போர்த்துவார்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏற ஏற, யார் எதைப் போர்த்தினார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ராத்திரி அவள் சித்தி மகள் உட்கார்ந்து பாக்கெட்டுகளைத் துழாவிப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். சாயம்போன ஒரு சாம்பல் நிற அங்கியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது உன் நாத்தனார் கொடுத்ததாத்தான் இருக்கும். கந்தல். பாக்கெட்டுல பைசா இல்ல" என்று உதட்டைப் பிதுக்கினாள். பொன்னூல் வேலை செய்த கருநீல வெல்வெட் அங்கி ஒன்றும் இருந்தது. அதைக் கொடுத்தது தலாஸ் ஊர் சம்பந்திகளாகத்தான் இருக்கும், அவர்களைத் தவிர யாருக்கு அந்த வசதி? அவர்கள் பணத்தைத் தனியாகக் கையில் கொடுத்துவிட்டதால் அந்தப் பாக்கெட்டை யாரும் தொடவில்லை. அப்படியே பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து தமீரா சும்மா இருந்தாளா? "உன் தங்கச்சி அண்ணன் மக கல்யாணத்துக்குக் கைய வீசிக்கிட்டு வந்தா" என்று புருஷனிடம் சொன்னாள். சொந்தபந்தத்தில் நாலு பேரிடம் சொன்னாள். அடுத்த வருஷம் குல்பராவின் இளைய மகன் உலான் பிஷ்கெக்கில் படிக்க வந்தான். விடுதியில் இடம் கிடைக்கவில்லை, ஒரு குளிர்காலம் மட்டும் தங்கிக்கொள்ளட்டுமா என்று குல்பரா போனில் கேட்டாள். "எடம் இல்ல குல்பரா, பேகிமாய் வர்றா போறா" என்று சொல்லிவிட்டாள் தமீரா. பேகிமாயின் அறை அந்தக் குளிர்காலம் முழுவதும் பூட்டியே கிடந்தது. பையன் டிசம்பரில் படிப்பை விட்டுவிட்டு ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான்.

சரி, கதைக்கு வருவோம். அலமாரியைத் திறந்து நின்றவளின் கை கருநீல வெல்வெட்டில் போய் நின்றது. கொடுக்க மனசில்லைதான். ஆனால் குபாத்தின் அத்தை சூரா வருவாள். அவள் வாயில் விழுந்தால் மீள முடியாது. எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

கூட வருவதற்காக முந்தின நாளே வந்திருந்த பேகிமாய் தலை சீவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அது யாரு குடுத்தது? பாத்து எடும்மா. போன வருஷம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, கொடுத்தவங்களுக்கே கொடுத்துட்டு ஒரு மாசம் வெளியவே வரல."

"உன் மாமியார் வீட்டு ஆளுங்க குடுத்ததுடி. எனக்குத் தெரியாதா?"

"பாக்கெட்டுல பணம் வெச்சியா?"

"வெக்கறேன், வெக்கறேன். சந்தையில செலவு இருக்குல்ல, மிச்சத்த வெக்கறேன்."

அந்தப் பத்தாயிரம் கரைந்த விதம் இருக்கிறதே, அதைத் தமீரா திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஓஷ் சந்தையில் மிட்டாயும் பாதாமும் உலர்ந்த ஆப்ரிகாட்டும் வாங்கினாள். இதுவும் விருந்துக்குத்தானே என்று அதிலிருந்தே எடுத்தாள். நல்ல தேயிலை ஒரு கிலோ, அதில் பாதி தன் வீட்டுக்கு. செருப்புத் தைக்கிறவனிடம் கொடுத்திருந்த தன் பூட்ஸை வாங்கினாள், அதற்கும் அதிலிருந்தே. வழியில் பசிக்கிறது என்று குபாத் சொல்ல, மூன்று பேரும் நின்றபடியே சூடாகக் கறி வைத்த சம்சா தின்றார்கள், வாயெல்லாம் கொழுப்பு வழிந்தது. பெட்ரோல் போட்டார்கள். கடைசியில் பர்ஸில் ஐந்தாயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. நாளைய தவணைக்குச் சரியாக அவ்வளவுதான் குறைந்தது.

அங்கியே எவ்வளவு விலை பெறும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழந்தை கையில் ஆயிரம் வைத்தால் போதாதா? வெறும் பாக்கெட்டோடு வந்தவளுக்கு வெறும் பாக்கெட். சரியாகப் போச்சு. பர்ஸை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

கான்ட் நகரம் தாண்டியதும் குபாத் கேட்டான். "பாக்கெட்டுல வெச்சிட்டியா?"

"வெச்சாச்சு, வெச்சாச்சு. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

பின்சீட்டில் பேகிமாய் அங்கியை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமீரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புருஷனிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் ஒன்றும் அல்ல, ஆனாலும் காது சூடாகியது.

குல்பராவின் வீட்டு முற்றத்தில் மழைச் சேறு. இரண்டு கொப்பரைகள் கொதித்துக்கொண்டிருந்தன, குல்பராவின் புருஷன் புகைக்கு நடுவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கறியைக் கிளறிக்கொண்டிருந்தான். குல்பரா கை ஈரத்தைத் துடைத்தபடி ஓடி வந்தாள். மெலிந்திருந்தாள். முன்பெல்லாம் அண்ணியைக் கட்டிப்பிடிப்பாள். இப்போது இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டதோடு சரி.

"வாங்கண்ணி. வருவீங்களோ மாட்டீங்களோன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"வராம இருப்பமா?" என்றாள் தமீரா. குல்பரா சொன்னதில் குத்தல் இருக்கிறதோ என்று பார்த்தாள். இல்லை.

தெருவில் குழந்தையின் கால்களைக் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் கட்டி நிற்க வைத்தார்கள். தெருக்கோடியிலிருந்து பிள்ளைகள் பந்தயமாக ஓடி வந்தார்கள், இரண்டு பேர் சேற்றில் விழுந்தார்கள், முதலில் வந்த பெண் கத்தரிக்கோலை வாங்கிக் கயிற்றை வெட்டினாள். பயல் இரண்டடி நடந்து தொப்பென்று உட்கார்ந்து அழுதான். எல்லாரும் சிரித்தார்கள். குபாத்துக்குக் கண் கலங்கிவிட்டது, தங்கையின் தோளில் கை போட்டுக்கொண்டான். அவன் இந்த வீட்டுக்கு வந்தே மூன்று வருஷம் ஆகியிருந்தது.

உள்ளே விரிப்பைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருந்தது. பொரித்த மாவு உருண்டைகள் குவிந்து கிடந்தன, குதிரைக்கறித் துண்டங்கள், வெண்ணெய், ஐந்தாறு வகை ஜாம். மாவுத்துண்டுகளோடு கறி வந்ததும் ஆளாளுக்கு அந்தஸ்துப்படி எலும்புக்கறி பிரித்துக் கொடுத்தார்கள். சாப்பாடு முடிந்ததும் பரிசு கொடுக்கும் நேரம். பாட்டியான குல்பராவுக்கு அங்கி போர்த்துவது அண்ணன் பெண்டாட்டியின் வேலை.

தமீரா உறையை உரித்து அங்கியை உதறினாள். வெல்வெட் மினுங்கியது. "ஆஹா!" என்றார்கள் பெண்கள். பெருமையோடு பின்னால் போய் நின்று நாத்தனாரின் தோளில் போர்த்தி, கைகளை மாட்டிவிட்டாள். குல்பரா குனிந்து பொன்னூல் வேலையைத் தடவினாள். தடவிய கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு நிமிர்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

"அழகா இருக்கு அண்ணி."

அப்போதுதான் சூரா அத்தை, வாயில் இருந்த கறியை முழுசாக விழுங்காமலே, சத்தம் போட்டாள்.

"வெல்வெட்ட மட்டும் பாத்தா போதுமா? பாக்கெட்டப் பாருடி! பட்டணத்து அண்ணி என்ன வெச்சிருக்கான்னு நாங்களும் தெரிஞ்சுக்கறோம்!"

"பாக்கெட்! பாக்கெட்!" என்று மற்றவர்களும் கைதட்டினார்கள்.

தமீரா பர்ஸை இறுக்கிப் பிடித்தாள். போச்சு, மானம் போச்சு! அவசரத்தில் மறந்துட்டேன், பர்ஸில் இருக்கிறது என்று சொல்லலாமா? வைத்தாச்சு என்று சொன்னதைக் கேட்ட புருஷன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான், தாடியைத் தடவிக்கொண்டு, அட்டகாசமாகச் சிரித்துக்கொண்டு. பர்ஸைத் திறக்கப் போனாள், விரல் ஜிப்பில் வழுக்கியது.

"வேணாம் அத்தை, பொறவு பாத்துக்கலாம்" என்றாள் குல்பரா. அவளுக்கு ஏனோ பாக்கெட்டைத் தொட மனசில்லை.

"அட, இங்க வா!" சூரா அத்தை எக்கி, அங்கியின் உள்பாக்கெட்டில் தானே கையை விட்டாள். விட்ட கை ஒரு வெள்ளைக் கைக்குட்டையோடு வெளியே வந்தது. நாலு மூலையையும் சேர்த்து முடிந்த கைக்குட்டை. ஓரத்தில் சிவப்பு நூலில் கொக்கி ஊசிப் பின்னல்.

தமீரா மூச்சு விட்டாள். எப்படி வந்தது, யார் வைத்தது என்றெல்லாம் யோசிக்கவில்லை. தப்பித்தோம், அவ்வளவுதான். சூரா அத்தை முடிச்சை அவிழ்த்து, எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணினாள்.

"இருபதாயிரம்! அடி ஆத்தி! இருபதாயிரம்டி!"

ஒரே ஆரவாரம். யாரோ தமீராவின் முதுகில் தட்டினார்கள். குபாத் வாயைப் பிளந்துகொண்டு பெண்டாட்டியைப் பார்த்தான். தமீரா சிரித்தபடியே கண்ணைத் தாழ்த்தினாள். காலடியில் விரிப்பு. விரிப்பின் ஓரம் முழுக்கச் சிவப்பு நூலில் கொக்கி ஊசிப் பின்னல். தலையணை உறையிலும் அதே பின்னல், ஜன்னல் துணியிலும் அதே. அந்த வீட்டில் ஒருத்தி கைதான் அதைப் பின்னும்.

குல்பராவைப் பார்த்தாள். முகம் வெளுத்து, உதடு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. அண்ணியை இழுத்துக் கட்டிப்பிடித்தாள். மூன்று வருஷத்துக்கப்புறம் முதல்முறையாக. காதோரமாக மெல்லச் சொன்னாள்.

"சிரிங்கண்ணி. எல்லாரும் பாக்கறாங்க."

பிறகு நிமிர்ந்து, "எங்கண்ணி மாதிரி யாருக்கு வாய்க்கும்!" என்று உரக்கச் சொன்னாள்.

தமீராவுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அந்தக் கந்தல் சாம்பல் அங்கி தலாஸ்காரர்களுடையது. வெல்வெட் இந்தச் சேற்று முற்றத்திலிருந்து வந்தது. புருஷன் சொன்னபடி பத்தாயிரத்தை அந்தப் பாக்கெட்டில் வைக்கக் கையை விட்டிருந்தால் காலையிலேயே தட்டுப்பட்டிருக்கும். காசுக்கு ஆசைப்பட்டுக் கையை விடவில்லை. மூன்று வருஷமாக ஊரெல்லாம் நாக்கைச் சுழற்றினாளே, ஒருநாள், ஒரே ஒருநாள் அந்தப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாளா?

டீ கொண்டுவருகிற சாக்கில் சமையல்கட்டுக்குப் போனாள். குல்பரா தனியாக நின்று, விருந்தாளிகள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய கறியையும் மாவு உருண்டையையும் பைகளில் கட்டிக்கொண்டிருந்தாள். அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தாள்.

"குல்பரா…" என்றாள்.

"நீங்க பாக்கவே இல்லையா அண்ணி?" குல்பரா திரும்பாமலே கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"சத்தியமா பாக்கல. அது வேற யாரோ குடுத்ததுன்னு… நீ வெறும் பாக்கெட்டோட வந்தேன்னு நெனச்சுக்கிட்டு…"

"அப்படியா." ஒரு பையை முடிச்சுப் போட்டாள். அது சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி போட்டாள். "நான் வேற மாதிரி நெனச்சேன் அண்ணி. கெடாரிய வித்து இருபதுதான் வெக்க முடிஞ்சுது. நீங்க ஒரு வார்த்த சொல்லலையா, சரி, பத்தல போலருக்குன்னு நெனச்சேன். உலானுக்கு எடம் இல்லன்னீங்களே, அப்பவும் அதான் நெனச்சேன். இன்னும் அஞ்சு கடன் வாங்கியாவது வெச்சிருந்தா புள்ள படிச்சிருப்பானேன்னு, இந்த மனுசங்கூட எத்தன நாள் சண்ட போட்டிருக்கேன் தெரியுமா?"

தமீரா அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சூரா அத்தை உள்ளே வந்து, "என்னடி, அண்ணியும் நாத்தியும் கொஞ்சிக்கறீங்க? எனக்கு எலும்போட போட்டுக் குடு!" என்றாள். குல்பரா சிரித்துக்கொண்டே ஒரு பையை எடுத்து நீட்டினாள். இன்னொன்றைத் தமீராவின் கையில் திணித்தாள். "உங்களுக்கு இது. வீட்டுக்குப் போய்ப் பிரிங்க."

காரில் ஏறியதும் குபாத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"பேகிமாய், உங்கம்மாவ நான் என்னவோன்னு நெனச்சேன்! நான் பத்துதான் குடுத்தேன். மேல பத்து இவ சம்பளத்துலேருந்து போட்டிருக்கா. வாயத் தொறந்து சொன்னாளா பாத்தியா? கல்லுளிமங்கி! என் தங்கச்சி என்ன செஞ்சிருந்தாலும் சரின்னு மன்னிச்சிட்டா பாரு, அதான் பெரிய மனசு."

பேகிமாய் பின்னாலிருந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தமீராவின் மடியில் இருந்த பை சூடாக இருந்தது, கறி வாசம் காரெல்லாம் நிறைந்தது. என்னமோ தோன்றி முடிச்சை அவிழ்த்தாள். மாவு உருண்டைகளின் மேல், சிவப்புப் பின்னல் போட்ட கைக்குட்டை. எண்ணெய் படாமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் சுற்றியிருந்தது. பழையபடி நாலு மூலையும் சேர்த்து முடிந்திருந்தது.

கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள குல்பராவுக்கு மனசில்லை. பேகிமாய்க்கு என்று கொடுத்தது, பேகிமாய்க்கே.

குபாத் ஒரு கையால் போனை எடுத்தான். "இரு, அந்தப் பயலுக்கும் சொல்லணும்." ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடிக்குக் கீழே வைத்தான். ரஷ்யாவில் ஏதோ கட்டடத்தில் இரும்பு இழுபடுகிற சத்தம், அப்புறம் உலானின் குரல்.

"மாமா! சொல்லுங்க மாமா."

"டேய், உங்க மாமி இன்னைக்கு உங்கம்மாவுக்கு என்ன செஞ்சா தெரியுமா? வெல்வெட் அங்கி, பாக்கெட்டுல இருபதாயிரம்! ஊரே அசந்துபோச்சுடா!"

உலான் யாரிடமோ 'இதோ வந்துடறேன்' என்று கத்திவிட்டு மறுபடி போனுக்கு வந்தான்.

"மாமி பக்கத்துல இருக்காங்களா? மாமி… ரொம்ப நன்றி மாமி. எங்க மேல கோவமா இருக்கீங்கன்னு அம்மா எப்பவும் வருத்தப்படுவாங்க. இன்னைக்கு சந்தோஷமா தூங்குவாங்க."

ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்க்கிறான். இருபத்தொரு வயது. அவனுக்கு இல்லை என்று சொன்ன அறையின் சாவி இன்னும் தமீராவின் கொத்தில்தான் தொங்குகிறது.

"வண்டியத் திருப்புங்க" என்றாள்.

"ஏன்? எதையாவது விட்டுட்டு வந்துட்டியா?" குபாத் போனை அணைக்கக் கையை நீட்டினான்.

"போன வெக்காதீங்க. அவனும் கேக்கட்டும்." கைக்குட்டையை எடுத்து, போனுக்குப் பக்கத்தில், புருஷன் கண்ணுக்கு நேராக வைத்தாள். "நான் ஒரு பைசா வெக்கலைங்க. நீங்க குடுத்த பணத்துல மிச்சம் என் பர்ஸுல இருக்கு. இது உங்க தங்கச்சி பணம். கெடாரி வித்த பணம். நம்ம பேகிமாய் கல்யாணத்துக்கு அவ போர்த்தின அங்கியத்தான் இன்னைக்கு அவளுக்கே போர்த்திட்டு வந்திருக்கேன். மூணு வருஷமா உள்ளயே இருந்திருக்கு. பாக்கெட்ட நான் பாக்கவே இல்ல."

குபாத் வண்டியை ஓரம் கட்டினான். கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தில் இருந்த பேகிமாயின் கை மெல்ல விலகியது.

"மாமி?" என்றான் உலான். "இங்க ஒரே சத்தம் மாமி, சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்றீங்களா?"

தமீரா போனின் பக்கம் குனிந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.